வரி பாக்கிக்கு ஒரு கணக்கு, ஜாமீனுக்கு ஒரு கணக்கு

நூல் வியாபாரம், பழைய இரும்பு, பனியன் கம்பெனி, விசைத்தறி என்று நம் கொங்கு நாட்டின் பிழைப்பெல்லாம் பில்லிலும், சரக்கை அனுப்பும்போது எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலும் ஓடுவதால், சரக்கு மற்றும் சேவை வரி மோசடி வழக்குகளில் கைது, ரிமாண்ட், ஜாமீன் ஆகியவை குறித்த கடிதங்கள் இம்மாதம் நிறைய வந்துள்ளன. ஊர் தெரிந்தால் போதும், ஆள் தெரிய வேண்டாம் என்பதால் பெயர்களை நீக்கி, நீண்ட கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறோம்.

பவானி அருகிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் நூல் வியாபாரி. சரக்கே போகாமல் பில் மட்டும் போட்டார் என்றும், அதனால் அரசுக்கு 7 கோடி ரூபாய் வரி இழப்பு என்றும் சொல்லிக் கைது செய்து, கோவை மத்தியச் சிறையில் அடைத்து 12 நாட்கள் ஆகின்றன. "தோட்டத்தை வித்து ரெண்டு கோடியைக் கட்டிப்போடுங்க, ஆளு வந்துருவாரு" என்று பங்காளிகள் சொல்கிறார்கள். மாமனார் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். கட்டலாமா?

பதில்: பத்திரத்தை மீண்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், அம்மணி. வரி கட்ட வேண்டுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஜாமீனுக்காக அதை விற்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் மீது சுமத்தப்பட்டிருப்பது 2017-ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 132-ஆவது பிரிவின்கீழ் வரும் குற்றம். வரித்தொகை 5 கோடியைத் தாண்டினால், சரக்கின்றி பில் போடுவது, அப்படிப்பட்ட பில்லைக் காட்டி உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுப்பது, வரி ஏய்க்கும் நோக்கில் பில் இல்லாமல் சரக்கு விற்பது, வாங்கிய வரியை மூன்று மாதத்துக்கு மேல் அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்வது ஆகிய நான்கு குற்றங்களும் 'ஜாமீனில் விட முடியாதவை' என்ற வகைக்குள் வந்துவிடுகின்றன. இந்தச் சொற்றொடர்தான் குடும்பங்களை நிலைகுலைய வைக்கிறது. ஜாமீனே கிடையாது என்பது இதன் பொருளன்று. கைது செய்த அதிகாரியிடம் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் காரணம் காட்டி வாங்க வேண்டும் என்பதே பொருள். இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறையும் அபராதமும்தான் என்பதால், குற்றவியல் நடுவருக்கே ஜாமீன் வழங்கும் அதிகாரம் உண்டு. அவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

நீதிபதி அங்கே என்ன பார்ப்பார்? இவரை வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, ஆவணங்களைக் கலைப்பாரா, சாட்சிகளை மிரட்டுவாரா என்ற மூன்றையும், அவற்றோடு குற்றத்தின் கடுமையையும் பார்ப்பார். வரி வழக்கில் ஆதாரம் என்பது பெரும்பாலும் பில், வங்கிக் கணக்கு, மாதாந்திர ரிட்டர்ன், கைப்பற்றப்பட்ட கணினி ஆகியவைதான்; அவை ஏற்கெனவே அதிகாரிகள் கையில் இருக்கும்போது உங்கள் கணவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எதைக் கலைக்க முடியும் என்பதே உங்கள் வழக்கறிஞரின் வலுவான வாதமாக இருக்கும். 2025 ஏப்ரலில் வினீத் ஜெயின் வழக்கில், இதே 132-ஆவது பிரிவில் கைதாகி ஏறக்குறைய ஏழு மாதம் சிறையில் இருந்தவருக்கு ஜாமீன் வழங்கிய உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் அசாதாரணமான சூழ்நிலை இருந்தாலொழிய விசாரணை நீதிமன்றத்திலேயே இயல்பாக ஜாமீன் கிடைத்திருக்க வேண்டும் என்றும், உயர் நீதிமன்றம் வரை அது மறுக்கப்பட்டது வியப்பளிக்கிறது என்றும் கூறியது. உங்கள் வழக்கறிஞர் மனுவின் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டிய தீர்ப்பு இது.

இனி அந்த இரண்டு கோடிக்கு வருவோம். பணத்தைக் கட்டுவதாக வாக்குறுதி கொடுத்து ஜாமீன் வாங்குவது நம் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நடந்து வந்ததுதான். உங்கள் பங்காளிகள் காற்றிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் வாக்குறுதி கொடுத்து வெளியே வந்தபின், 'அந்த நிபந்தனை கடுமையானது' என்று சிலர் மேல்முறையீட்டுக்குப் போகும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2025-இல் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்ற உறுதிமொழியின் பேரில் எந்த விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஜாமீன் வழங்கக் கூடாது, வழக்கின் தன்மையை மட்டுமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கும் முன்பே, 2023 ஜனவரியில், சரக்கு மற்றும் சேவை வரி வழக்கொன்றில் 70 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் விதித்த ஜாமீன் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது.

ஆகவே ஜாமீனுக்கு விலை பேசும் நிலையில் நீங்கள் இல்லை, நீதிமன்றமும் இல்லை. உங்கள் ஆடிட்டர் கணக்கைப் பார்த்து, உண்மையிலேயே இவ்வளவு வரி பாக்கி இருக்கிறது என்று சொன்னால், அதை டி.ஆர்.சி.-03 படிவத்தில் தாமாகக் கட்டுவது வேறு விஷயம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் 15 விழுக்காட்டோடு நின்றுவிடும் என்ற நன்மை அதில் இருக்கிறது. ஆனால் அப்படிக் கட்டுவதால் குற்ற வழக்கு மறைந்துவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். வரிக்கணக்கு முடிந்தாலும் 132-ஆவது பிரிவின்கீழான நடவடிக்கை முடியாது என்று சட்டமே விளக்கக் குறிப்பில் சொல்லிவிடுகிறது. தோட்டமும் போய், வழக்கும் தொடர்ந்து, ஆளும் உள்ளே இருந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு காரியங்கள். கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது இப்போது உறுதியான சட்டம். மத்திய மறைமுக வரிகள் வாரியமும் 2025 ஜனவரியில் இதைத் தன் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தியது. உங்கள் கணவரிடம் கொடுக்கப்பட்ட தாளை வாங்கி, அது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறதா, 7 கோடி என்ற தொகை எப்படி வந்தது என்ற கணக்கு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, நாட்காட்டியில் 60-ஆவது நாளை வட்டமிட்டு வையுங்கள். ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அதற்குள் அதிகாரிகள் நீதிமன்றத்தில் புகார் மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால், வழக்கின் கடுமை எதுவாயினும் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தானாக வராது. நாள் கடந்தவுடன், புகார் மனு தாக்கலாவதற்கு முன்பே, நீங்கள் மனுப்போட்டிருக்க வேண்டும். காலையில் அவர்கள் தாக்கல் செய்து, மதியம் நீங்கள் மனுவோடு போனால் அந்த உரிமை போய்விட்டது என்று பொருள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: ஒரு சப்ளையரிடம் நூல் வாங்கினேன். அவர் போலி பில் போட்டவர் என்று இப்போது தெரிய வந்திருக்கிறது. எனக்கும் சம்மன் வந்துள்ளது. போனால் கைது செய்துவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. முன்ஜாமீன் கேட்கலாமா, அல்லது போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போகாமல் இருப்பதுதான் உங்களைச் சிக்க வைக்கும். சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி வரும் சம்மனுக்கு ஆஜராகாவிட்டால் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய கேடு, 'ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரு வரி உங்கள் கோப்பில் ஏறிவிடுவது. பிறகு எந்த நீதிமன்றத்தில் நின்றாலும் அந்த வரி முதலில் வாசிக்கப்படும்.

முதலில் தொகையைப் பாருங்கள். 5 கோடி என்பது பில் தொகை அன்று, வரித்தொகை. பருத்தி நூலுக்கு வரி 5 விழுக்காடு என்பதால், 100 கோடி ரூபாய்க்கு நூல் பில் இருந்தால்தான் வரி 5 கோடியைத் தொடும். பழைய இரும்பில் 18 விழுக்காடு என்பதால் ஏறக்குறைய 28 கோடிக்கே தொட்டுவிடும். நம் பகுதியில் பழைய இரும்பு வியாபாரிகள் அதிகம் அஞ்சுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உங்கள் வரித்தொகை 2 கோடிக்குக் கீழே என்றால், முன்பு தண்டனை பெற்றவராக இருந்தாலொழிய, கைது செய்யும் அதிகாரமே பொதுவாக எழாது. 2 கோடிக்கு மேல் 5 கோடிக்குள் என்றால் கைது செய்யலாம், ஆனால் அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். உதவி ஆணையரோ துணை ஆணையரோ அங்கேயே ஜாமீனில் விட வேண்டும். முன்ஜாமீனுக்கு ஓட வேண்டிய தேவை 5 கோடிக்கு மேல்தான் வருகிறது.

முன்ஜாமீன் கிடைக்குமா என்பதில் சில ஆண்டுகள் குழப்பம் நிலவியது. முதல் தகவல் அறிக்கை இல்லாத வரி வழக்கில் முன்ஜாமீன் கேட்க முடியாது, ரிட் மனுவாகத்தான் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு இருந்தது. 2025 பிப்ரவரி 27 அன்று ராதிகா அகர்வால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்து, கைது செய்யப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டாலும் முன்ஜாமீன் கேட்கலாம் என்று முடித்து வைத்தது. வரி மதிப்பீடு முடியும் வரை கைது செய்யவே கூடாது என்பதில்லை, ஆனால் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று ஆணையர் நம்புவதற்கு ஆதாரத்தோடு கூடிய கணக்கு வேண்டும், கைது மிரட்டலைக் காட்டி வரியை வசூலிக்கக் கூடாது என்பவையும் அதே தீர்ப்பின் பகுதிகள். ஆகவே அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப்போட முடியும். வெறும் சம்மன் மட்டும் கையில் இருந்தால் 'அச்சத்துக்கு என்ன அடிப்படை?' என்று நீதிபதி கேட்பார். சப்ளையர் கைதானது, உங்கள் வரவுக் கணக்கு முடக்கப்பட்டது போன்றவற்றைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது நீதிமன்றத்தை அன்று, குடோனை. சரக்கு உண்மையாகவே வந்ததா? வந்திருந்தால் எடை மேடைச் சீட்டு, இ-வே பில், லாரி வாடகை ரசீது, நூல் எந்த நிட்டிங்குக்குப் போனது என்ற சலான், வங்கி வழியாகப் பணம் கொடுத்த பதிவு ஆகியவற்றை ஒவ்வொரு பில்லோடும் கோத்து ஒரு கோப்பாக்குங்கள். சப்ளையர் வரி கட்டாத திருடர் என்பதும், நீங்கள் சரக்கு வாங்காமல் பில் மட்டும் வாங்கினீர்கள் என்பதும் ஒன்றன்று. அதிகாரி முன் கொடுக்கும் வாக்குமூலத்தில் சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டாம். அவர்கள் போலீஸ் அதிகாரிகள் அல்லர் என்பதால், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற பாதுகாப்பு இங்கே பொருந்தாது. படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பிறகு திரும்பப் பெறுவது எளிதன்று.

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி: என் அம்மா தறிக்குடோனில் வேலை செய்பவர். லோன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ஆதார், பான் கார்டு, மின் கட்டண ரசீது கொடுத்தார். இப்போது அம்மா பெயரில் ஒரு நிறுவனம் இருப்பதாகவும் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்றும் கடிதம் வந்திருக்கிறது. அம்மாவைக் கைது செய்வார்களா?

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாரக்கூலியில் குடும்பம் நடத்தும் பெண்மணியை நிறுவன உரிமையாளர் ஆக்கி, அவர் பெயரில் பில் விற்றுவிட்டுப் பறந்துவிடுவது, இந்த மோசடியில் எனக்கு மிக அருவருப்பான பகுதி.

கடிதத்தைக் கிழித்துப் போடாமல், இன்றே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். சரக்கு மற்றும் சேவை வரி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. அம்மாவின் பான் எண்ணில் எந்தெந்த மாநிலத்தில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று பார்த்து அச்செடுங்கள். இரண்டாவதாக, லோன் வாங்கித் தருவதாக வந்தவரைப் பற்றி மாவட்டக் காவல்துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். மூன்றாவதாக, கடிதம் அனுப்பிய அதிகாரிக்கு, இந்தப் பதிவு தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது, வங்கிக் கணக்கைத் தான் இயக்கவில்லை என்று பதில் எழுதி, புகாரின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதலில் புகார் கொடுத்தவர் பேச்சுக்கும், மாட்டிக்கொண்ட பிறகு கொடுத்தவர் பேச்சுக்கும் ஜாமீன் மனுவில் எடை வேறாக இருக்கும்.

சட்டம் உங்கள் அம்மாவைத்தான் தேடுகிறது என்பதும் முழு உண்மையன்று. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 132-ஆவது பிரிவைத் திருத்தி, குற்றத்தைச் செய்தவரை மட்டுமின்றி, பிறரைச் செய்ய வைத்து அதன் பலனைத் தான் வைத்துக்கொண்டவரையும் அதே தண்டனைக்குள் கொண்டுவந்தது. பின்னால் நின்று கயிறு இழுப்பவரைப் பிடிக்கவே அந்தத் திருத்தம். ஒருவேளை கைது வரை போனாலும், பெண், நோயாளி, உடல் நலிந்தவர் ஆகியோருக்கு ஜாமீன் வழங்குவதில் சலுகை காட்டலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆவது பிரிவு சொல்கிறது. பெண்ணைப் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும், விதிவிலக்கான சூழ்நிலையில், பெண் அதிகாரி வழியாக நடுவரின் முன் அனுமதி பெற்றே கைது செய்யலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அங்கே கிடைக்கும் வழக்கறிஞரிடம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். மாதம் ஏதேனும் தொகை வாங்கிக்கொண்டு வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் அம்மா சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு வங்கிப் பதிவோடு வரும்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: கோடி கோடியாக ஏய்த்தவர் இரண்டு மாதத்தில் காரில் வந்து இறங்குகிறார். ஒழுங்காக வரி கட்டும் எங்களுக்கோ, யாரோ செய்த தவறுக்கு வரவுக் கணக்கை முடக்குகிறார்கள். பொருளாதாரக் குற்றவாளிக்கு ஜாமீனே கொடுக்கக் கூடாது என்பதுதான் நியாயம் இல்லையா?

பதில்: உங்கள் சினத்தில் பாதியை நான் பகிர்ந்துகொள்கிறேன். நேர்மையான வியாபாரியின் வரவு 86ஏ விதியின்கீழ் முடங்கும்போது அவர் சம்பளம் கொடுக்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மறு பாதியில் உடன்பட முடியவில்லை.

பொருளாதாரக் குற்றங்கள் தனி வகை, ஜாமீன் விஷயத்தில் அவற்றை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்று 2013-இல் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் இன்றும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அதற்கு ஈராண்டு முன்பு, 2011-இல், அலைக்கற்றை வழக்கில் சஞ்சய் சந்திராவுக்கு ஜாமீன் வழங்கியபோது அதே நீதிமன்றம், ஜாமீனின் நோக்கம் விசாரணைக்கு ஆளை வரவைப்பதே, தண்டிப்பதன்று என்றது. 2019 டிசம்பரில் ப. சிதம்பரம் வழக்கில் இவ்விரண்டையும் சேர்த்துவைத்து, குற்றத்தின் கடுமையைப் பார்க்கலாம், ஆனால் பொருளாதாரக் குற்றம் என்பதாலேயே எல்லோருக்கும் ஜாமீன் மறுக்க வேண்டும் என்ற விதி இல்லை என்று கூறியது. கடுமையை அளக்க ஒரு கோலும் வேண்டுமல்லவா? சட்டம் விதித்த தண்டனைக்காலம் அத்தகைய கோல்களில் ஒன்று. 5 ஆண்டுதான் உச்சம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்த குற்றத்துக்கு, தீர்ப்பு வருவதற்கு முன்பே இரண்டு ஆண்டு உள்ளே வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நீங்கள் சொல்லும் 'இரண்டு மாதம்' தற்செயலன்று. அது மேலே பவானி வாசகிக்குச் சொன்ன 60 நாள் கணக்கு. பெரும்பாலும் அது நீதிபதியின் கருணையால் வருவதன்று, அதிகாரிகள் புகார் மனுவை நேரத்தில் தாக்கல் செய்யாததால் வருவது. ஆகவே உங்கள் கோபம் நீதிமன்றத்தின் மீது எழுவதைவிடக் கோப்பை மேசையில் வைத்திருந்தவர் மீது எழுவதே பொருத்தம். பணத்தைப் பிடிக்க அரசுக்கு வேறு கருவிகளும் இருக்கின்றன: 83-ஆவது பிரிவின்கீழ் சொத்தையும் வங்கிக் கணக்கையும் ஓராண்டு வரை தற்காலிகமாக முடக்கலாம், பதிவை ரத்து செய்யலாம். வெளியே வந்தவர் வேறொரு பெயரில் மீண்டும் பில் கடை திறந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கோரலாம். அடுத்த வழக்கில் அவர் கேட்கும் ஜாமீனுக்கு முதல் வழக்கே தடையாக நிற்கும். ஜாமீன் கிடைத்தது என்பதை 'வழக்கிலிருந்து தப்பினார்' என்று ஊர் படிப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கரூர்க்காரர்கள் பலர் தவறவிடும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும், உங்கள் மாவட்டத்து மனுக்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஓர் ஏற்றுமதியாளர்: ஜாமீனில் இருக்கிறேன். பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் உள்ளது. ஐரோப்பிய வாங்குநரைச் சந்திக்காவிட்டால் அடுத்த பருவ ஆர்டர் போய்விடும். வேறு மாநிலத்திலும் ஒரு வழக்கு இருப்பதால் அங்கேயும் இரண்டு ஜாமீன்தாரர் கேட்கிறார்கள்.

பதில்: நிபந்தனையைத் தளர்த்தக் கோரி, அதை விதித்த நீதிமன்றத்திலேயே மனுச் செய்யுங்கள். பயண நாட்கள், தங்குமிடம், வாங்குநரின் அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு, இதுவரை ஒரு வாய்தாவும் தவறாமல் ஆஜரான பதிவு ஆகியவற்றை இணையுங்கள். வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட நாட்களுக்குப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவது வழக்கத்தில் உள்ளதே. கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். பல மாநிலங்களில் வழக்கு உள்ளவருக்கு ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி ஆட்களைத் தேடச் சொல்வது ஜாமீனையே பொருளற்றதாக்கும் என்று கூறி, அதே ஜாமீன்தாரர்களையே எல்லா வழக்குகளுக்கும் ஏற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. கைப்பேசியில் இருப்பிடத்தை எப்போதும் அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது நிபந்தனை கேட்டால், அது செல்லாது என்று 2024 ஜூலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர்: வருமான வரி ஏய்ப்புக்காக உங்களைக் கைது செய்யப் போகிறோம் என்று வீடியோ அழைப்பில் ஒருவர் மிரட்டினார். இதற்கு முன்ஜாமீன் வாங்க வேண்டுமா?

பதில்: அழைப்பைத் துண்டியுங்கள், 1930-இல் புகார் கொடுங்கள். வீடியோவில் கைது செய்யும் முறை எந்தச் சட்டத்திலும் இல்லை. வருமான வரி ஏய்ப்புக்குச் சிறைத் தண்டனை உண்டு என்றாலும், வழக்கு வருவது கைது வழியாக அன்று. துறை உயர் அதிகாரியின் அனுமதியோடு நடுவர் நீதிமன்றத்தில் புகார் மனு தாக்கலாகும், உங்களுக்குச் சம்மன் வரும், ஆஜராகி ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுப்பீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: தங்கை மாப்பிள்ளைக்கு வரி மோசடி வழக்கில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தென்னந்தோப்பின் ஆவணங்களைக் காட்டினேன். அவர் வரியைக் கட்டாவிட்டால் என் தோப்பு போய்விடும் என்று வீட்டில் தினமும் சண்டை.

பதில்: வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியே ஒரு காரணம். கூட்டுறவு வங்கியில் நண்பரின் கடனுக்குப் போடும் கையெழுத்தையும் 'ஜாமீன்' என்கிறோம், நீதிமன்றத்தில் போடுவதையும் 'ஜாமீன்' என்கிறோம். முன்னதில் அவர் கட்டாத கடனை நீங்கள் கட்ட வேண்டும். பின்னதில் நீங்கள் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அழைக்கும் நாளில் மாப்பிள்ளை நீதிமன்றத்தில் நிற்பார் என்பது. அவருடைய வரி பாக்கி 7 கோடியானாலும் 70 கோடியானாலும் அதில் ஒரு ரூபாய்க்கும் அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

அவர் வராமல் போனால் உங்கள் பொறுப்பு, பத்திரத்தில் எழுதிய தொகையோடு முடியும். 50,000 என்று எழுதியிருந்தால் 50,000. அப்போதும் நேரே தோப்புக்கு வந்துவிட மாட்டார்கள். பத்திரம் பறிமுதல் என்று நீதிமன்றம் பதிவு செய்து, ஏன் கட்டக் கூடாது என்று உங்களிடம் விளக்கம் கேட்கும். தக்க காரணம் இருந்தால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 491-ஆவது பிரிவில் இடமுண்டு. தொகையைக் கட்டாதபோதுதான் அபராதம் வசூலிப்பதைப் போல வசூலிப்பார்கள்.

மாப்பிள்ளையின் போக்கில் நம்பிக்கை போய்விட்டால், அதே சட்டத்தின் 489-ஆவது பிரிவின்கீழ் உங்களை விடுவிக்கக் கோரி எப்போது வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால் அவரை அழைத்துவரப் பிடியாணை பிறக்கும், வேறு ஜாமீன்தாரர் கிடைக்கும்வரை அவர் உள்ளே போக நேரலாம். தங்கையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதற்கு முன், வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்பது உங்கள் கைப்பேசியிலேயே தெரியும். முந்தின நாள் மாலை மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுவிடலாம்.